பாட்டிமார் பேசிய பத்தாண்டு: கொரியா, 1991 – 2001

1991 ஆகஸ்ட் 14 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலில், கிம் ஹக் சுன் என்ற 67 வயதுப் பெண் பத்திரிகையாளர்கள் முன் அமர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினருக்குப் பாலியல் அடிமையாகத் தான் வைக்கப்பட்டிருந்ததைச் சொந்தப் பெயரோடும் சொந்த முகத்தோடும் சொன்னார். தென்கொரியாவில் வாழ்ந்துவந்த பாதிக்கப்பட்ட பெண்களில் அவ்வாறு ஊரறியப் பேசிய முதலாமவர் அவரே. அடுத்த சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ், தைவான், சீனா, இந்தோனேசியா, நெதர்லாந்து நாடுகளைச் சேர்ந்த பெண்களும் பேசத் தொடங்கினர்.

1932இல் ஷாங்காயில் தொடங்கிய, படையினருக்கான பாலியல் அடிமை நிலையங்கள், 1937க்குப் பிறகு சீனாவெங்கும் பின்னர் பர்மா, மலாயா, பசிபிக் தீவுகள்வரையும் பரவியதை முந்தைய பகுதி விவரித்தது. ‘ஆறுதல் பெண்கள்’ என்ற பெயரில் அங்கு அடைக்கப்பட்டவர்களின் தொகை பற்றிய மதிப்பீடுகள் 20,000இலிருந்து 2,00,000க்கும் மேல்வரை வேறுபடுகின்றன. உயிரோடு மீண்டவர்கள் முதுமையில் தம் கதையை யாரிடம் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், சொன்னதால் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இப்பகுதியின் பொருள்.

46 ஆண்டு மௌனம்

1945இல் போர் முடிந்தபோது இப்பெண்களில் பலர் ஊர் திரும்பவில்லை. சிலர் போர்முனையிலேயே இறந்திருந்தனர். சிலர் படை கைவிட்டுப்போன அந்நிய மண்ணிலேயே தங்கிவிட்டனர். திரும்பியவர்கள் வாய் திறக்கவில்லை. பெண்ணின் கற்பைக் குடும்ப மானத்தோடு முடிச்சிட்டு வைத்திருந்த சமூகத்தில், நடந்ததைச் சொன்னால் பழி தம்மீதே விழும் என்று அவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் வேலை பார்த்ததாக வீட்டில் சொல்லிக்கொண்டனர். பலர் திருமணம் செய்துகொள்ளவில்லை. நோயாலும் காயங்களாலும் பிள்ளை பெறமுடியாமல் போனவர்களும் இருந்தனர். தூக்கமின்மை, திடுக்கிடல், கூட்டத்தைக் கண்டால் அச்சம் என்று உடல் தன் கணக்கை வைத்திருந்தது. அடக்கிவைத்த சினத்தால் நெஞ்சில் அனலும் அடைப்பும் உண்டாகும் நிலையைக் கொரியர்கள் ‘ஹ்வாபியோங்’ என்கிறார்கள். பிற்காலத்தில் பேசிய பெண்களில் பலர் தமக்கு அந்நோய் இருந்ததாகவே கூறினர்.

அரசுகளும் இந்த மௌனத்துக்குத் துணைநின்றன. டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் இதைத் தனிக் குற்றமாக எடுத்து விசாரிக்கவில்லை. 1948இல் பத்தாவியாவில் டச்சு இராணுவ நீதிமன்றம் சில ஜப்பானிய அதிகாரிகளைத் தண்டித்தது. அந்த வழக்கு டச்சுப் பெண்களைப் பற்றியது. 1965இல் ஜப்பானும் தென்கொரியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 30 கோடி டாலர் நிதியுதவிக்கும் 20 கோடி டாலர் கடனுக்கும் ஈடாக, இழப்பீட்டுக் கோரிக்கைகள் தீர்ந்துவிட்டதாக அறிவித்தது. இந்தப் பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சொல்ல நேர்ந்தும் கேட்பாரற்றுப்போன ஒரு வாழ்க்கை ஒக்கினாவாவில் இருந்தது. 1944இல் தொக்காஷிக்கி தீவுக்குக் கொண்டுவரப்பட்ட பே பொங் கி, போருக்குப் பின் நாடு திரும்பாமல் அங்கேயே கூலி வேலை செய்து பிழைத்தார். 1972இல் ஒக்கினாவா மீண்டும் ஜப்பானின் ஆட்சிக்கு வந்ததும், குடியிருப்பு அனுமதி பெறுவதற்காகத் தன் கடந்தகாலத்தை அவர் வெளிப்படுத்த வேண்டியிருந்தது. 1975இல் செய்தி பத்திரிகைகளில் வந்தது. தென்கொரியாவில் அது எந்த அசைவையும் உண்டாக்கவில்லை. அவர் மனிதர்களை ஒதுக்கித் தனிமையில் வாழ்ந்து, 1991 அக்டோபரில் காலமானார். விண்ணப்பத்துக்காகக் கேட்டு வாங்கப்பட்ட கதை அவருக்கு எந்த நிம்மதியையும் தரவில்லை.

கேட்கத் தயாரான செவிகள்

1980களில் தென்கொரியா மாறியது. 1986இல் புச்சொன் காவல் நிலையத்தில் தனக்கு நேர்ந்த பாலியல் வதையைக் குவோன் இன் சுக் என்ற மாணவப் போராளி வழக்காக்கினார். அவமானத்துக்குரியவர் வதைத்தவரே என்ற வாதம் அதனால் பொதுவெளிக்கு வந்தது. அடுத்த ஆண்டு மக்கள் எழுச்சி இராணுவ ஆட்சியைத் தேர்தலுக்கு இணங்க வைத்தது. மகளிர் அமைப்புகள் வெளிப்படையாக இயங்கத் தொடங்கின.

ஏவா மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்த யுன் சுங் ஓக் 1925இல் பிறந்தவர். பெண்களைத் திரட்டிச் செல்கிறார்கள் என்ற அச்சத்தால் 1943இல் படிப்பை நிறுத்திக்கொண்டு தப்பியவர். தன் வயதுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒக்கினாவா உள்ளிட்ட பல இடங்களுக்குச் சென்று தடயங்களைத் தேடி, 1990 ஜனவரியில் ‘ஹாங்க்யொரே’ நாளிதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவ்வாண்டு ஜூனில் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, பெண்களை அழைத்துச் சென்றவர்கள் தனியார் தரகர்கள் என்று அரசுத் தரப்பு பதிலளித்தது. நவம்பர் 16 அன்று முப்பதுக்கும் மேற்பட்ட மகளிர் அமைப்புகள் கூடி, இப்பெண்களுக்காகப் போராடக் கொரிய மன்றம் என்ற கூட்டமைப்பை உருவாக்கின.

கிம் ஹக் சுன் பேச முன்வந்ததற்கு ஜப்பானிய அரசின் அந்தப் பதில் மூட்டிய சினமே உடனடிக் காரணம். 17 வயதில், 1941இல், பெய்ஜிங்கில் படையினரிடம் சிக்கியவர் அவர். சில மாதங்களுக்குப் பின் ஒரு கொரிய வணிகர் உதவியால் தப்பி, அவரையே மணந்துகொண்டார். கதையை முதலில் அறிந்தவர் அந்தக் கணவரே; குடித்துவிட்டுப் பிள்ளையின் முன்னாலேயே அதைச் சொல்லிக் குத்திக்காட்டியவரும் அவரே. கணவரும் இரு பிள்ளைகளும் இறந்தபின் தனியே வாழ்ந்த கிம்முக்கு, இனி யாருடைய மானத்தையும் காக்க வேண்டிய தேவை இல்லை. அந்தரங்கத்தில் ஆயுதமாகத் திரும்பிய அதே உண்மை, கொரிய மன்றத்தின் அரவணைப்பில் குற்றச்சாட்டாக உருமாறியது. டிசம்பர் 6 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் அவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தனர்.

தொலைபேசியும் ஒலிநாடாவும்

1991 செப்டம்பரில் கொரிய மன்றம் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. 1992 பிப்ரவரியில் அரசும் பதிவைத் தொடங்கியது. காலப்போக்கில் ஏறத்தாழ 240 பெண்கள் பதிவு செய்துகொண்டனர். எல்லோரும் மேடையேறவில்லை, குடும்பத்துக்குத் தெரியாமல் பதிந்தவர்களும், புனைபெயரில் மட்டுமே பேசியவர்களும் பலர்.

பெண்களைத் தேடிச் சென்று பேட்டி கண்ட ஆய்வாளர்கள் 1993இல் 19 பேரின் சாட்சியங்களை முதல் தொகுதியாக வெளியிட்டனர். அக்காலத்தில் மறுப்பு வலுவாக இருந்தது. 1992 ஜனவரியில் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாக்கி ஜப்பானியப் பாதுகாப்பு முகமையின் நூலகத்திலிருந்து படையின் தொடர்பைக் காட்டும் ஆவணங்களை வெளியிட்ட பிறகே, அந்நாட்டு அரசு தன் நிலையை மாற்றத் தொடங்கியது. 1993 ஆகஸ்ட் 4 அன்று அவ்வரசின் கோனோ அறிக்கை படையின் பங்கை ஒப்புக்கொண்டது. மறுப்புக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால், முதல் தொகுதியின் பேட்டிகள் எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு என்று வரிசையாகக் கேட்டன. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தேதிகள் முதியவர்களின் நினைவில் இடம் மாறின. எழுதப் படிக்கத் தெரியாத சிறுமியாகப் பூட்டிய வண்டியில் கொண்டுசெல்லப்பட்டவருக்கு ஊர்ப்பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முரணும் அவர்மீதே ஐயமாகத் திரும்பக்கூடிய சூழல் அது.

மணிலாவும் அடிலெய்டும்

கிம்மின் குரல் எல்லை தாண்டியது. மணிலா அருகே வாழ்ந்த மரியா ரோசா ஹென்சன், 1992 ஜூனில் இதுபற்றிய வானொலி அறிவிப்பைக் கேட்டார். பல வாரத் தயக்கத்துக்குப் பிறகு முதலில் தன் மகளிடமும், செப்டம்பரில் நாட்டிடமும் பேசினார். அவரைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் பெண்கள் வெளிவந்தனர். 1996இல் அவர் தன் வரலாற்றை நூலாக்கினார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வாழ்ந்த ஜான் ரஃப் ஓஹெர்ன் ஜாவாவில் பிறந்த டச்சுப் பெண். 1944இல் அம்பராவா முகாமிலிருந்து செமராங்கின் நிலையமொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். கன்னியாஸ்திரி ஆக விரும்பிய அவர், விடுதலைக்குப் பின் நடந்ததை ஒரு பாதிரியாரிடம் சொன்னபோது, இனி அந்த வாழ்வு உனக்கு ஏற்றதன்று என்ற பதிலே கிடைத்தது. அதன்பின் அவர் பேசவில்லை. நிலையத்தில் பெண்களுக்குப் பூக்களின் பெயர் இடப்பட்டிருந்ததால், பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பூ கொடுத்தாலும் அவரால் தாங்க முடியவில்லை. காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1992இல் தொலைக்காட்சியில் கொரியப் பெண்களைக் கண்டபின் மகள்களுக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, டிசம்பரில் டோக்கியோவில் நடந்த ஒரு பொது விசாரணையில் பேசினார். அங்கே பல நாட்டுப் பெண்கள் முதன்முறையாக ஒருவரையொருவர் சந்தித்தனர். மொழி புரியாதவர்கள் மேடையிலேயே கட்டித்தழுவிக்கொண்டனர். தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று ஒவ்வொருவரும் சுமந்திருந்த இழிவு, கடல்கள் தாண்டி ஒரே திட்டத்தின்படி நடத்தப்பட்டது என்பதை அங்கே கண்ணாரக் கண்டனர்.

புதன்கிழமை

1992 ஜனவரி 8, ஒரு புதன்கிழமை. ஜப்பானியப் பிரதமர் மியாசாவா சியோல் வருவதை முன்னிட்டு, ஜப்பானியத் தூதரகத்தின் எதிரே ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தது. அது வாரந்தோறும் தொடர்ந்து, 2011 டிசம்பர் 14 அன்று ஆயிரமாவது ஆர்ப்பாட்டத்தை எட்டியது. 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, இறந்தவர்களுக்கு மரியாதையாக ஆர்ப்பாட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

தொடக்கத்தில் முகத்தை மறைத்துப் பின்வரிசையில் நின்ற பெண்கள் காலப்போக்கில் முன்வரிசை நாற்காலிகளுக்கு வந்தனர். பள்ளிப் பிள்ளைகள் வந்தனர். எல்லோரும் அவர்களை ‘ஹல்மொனி’, அதாவது பாட்டி என்று அழைத்தனர். ஒரே கதையை ஓராயிரம் முறை சொல்வதைவிட, கதையை ஏற்கெனவே அறிந்தவர்கள் நடுவே வாரம் ஒருமுறை அமர்வது பலருக்கு எளிதாக இருந்தது. குடும்பம் தராத உறவுமுறையைத் தெரு தந்தது.

தூரிகை பிடித்த கைகள்

பௌத்த அமைப்புகளின் முயற்சியால் 1992 அக்டோபரில் சியோலில் ‘நனுமுய் ஜிப்’, பகிர்வின் இல்லம், திறக்கப்பட்டது. ஆதரவற்ற பெண்கள் சிலர் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். 1995இல் இல்லம் கியொங்கி மாகாணத்தின் குவாங்ஜுவுக்கு இடம்பெயர்ந்தது. லீ கியுங் ஷின் என்ற இளம் ஓவியர் 1993 முதல் தன்னார்வமாக அங்கே வந்து ஓவியம் கற்பித்தார். முதல் பாடங்களில் கடந்தகாலம் இல்லை. கோடு, வண்ணம், கண்முன் இருக்கும் பொருள்கள் ஆகியவற்றோடு வகுப்பு தொடங்கியது. பென்சில் பிடித்துப் பழகாத கைகள் பழகிய பிறகே நினைவுகள் தாளில் இறங்கின.

1929இல் ஜின்ஜுவில் பிறந்த காங் டொக் கியுங், 1944இல் பெண்கள் தொண்டர் படை என்ற பெயரில் ஜப்பானின் தொயாமா ஆலைக்கு அனுப்பப்பட்டார். தப்பியோடும்போது இராணுவக் காவலரிடம் சிக்கினார். 1995இல் அவர் வரைந்த ‘பறிக்கப்பட்ட கன்னிமை’ ஓவியத்தில் பூத்துக் குலுங்கும் செர்ரி மரத்தோடு ஒரு படைவீரன் ஒன்றியிருக்கிறான். அடியில் முகம் மூடிய சிறுமி கிடக்கிறாள். வேர்கள் மண்டையோடுகளைச் சுற்றியிருக்கின்றன. அதே ஆண்டின் இன்னோர் ஓவியத்தில் குற்றவாளி கண் கட்டப்பட்டு மரத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறான்; துப்பாக்கிகள் அவனை நோக்குகின்றன. சாட்சியத்தில் தன் வதையைச் சொல்ல வேண்டியிருந்தவர், ஓவியத்தில் தீர்ப்பும் எழுதினார். கிம் சுன் டொக் தீட்டிய ‘மலராத பூ’வில் வன்முறையே இல்லை. கொரியப் பாரம்பரிய உடையணிந்த சிறுமியும் விரியாத மொக்குகளும் மட்டுமே உள்ளன. பறிபோனது என்ன என்பதைச் சொல்ல, பறித்தவனை வரையத் தேவையில்லை என்று அவர் கண்டார். இந்த ஓவியங்கள் கொரியாவிலும் ஜப்பானிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இயக்குநர் பியுன் யங் ஜூ இதே இல்லத்தில் நெடுநாள் பழகிய பிறகே படமெடுக்க அனுமதி பெற்றார். அவருடைய ‘தாழ்ந்த குரல்’ 1995இல் வெளியானது. புற்றுநோய் கண்ட காங் டொக் கியுங், தன் இறுதிக்காலத்தைப் படம்பிடிக்கும்படி தானே கேட்டுக்கொண்டார். 1997 பிப்ரவரியில் காலமானார். 1999இல் வந்த, இவ்வரிசையின் மூன்றாம் படத்தில், பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான லீ யோங் சூ கேள்வி கேட்பவராகச் சென்று மற்றப் பெண்களிடம் பேசினார். கேட்பவரும் அதையே கடந்தவர் என்பதால், விளக்க வேண்டிய பலவற்றை விளக்காமலே பேச முடிந்தது.

உளவியல் கண்டதும் தைவான் செய்ததும்

இதே காலத்தில் மனக்காய ஆய்வும் ஒத்த முடிவுகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. சிலியில் சர்வாதிகாரத்தால் வதைபட்டவர்களின் கதையை ஒலிநாடாவில் பதிந்து, எழுத்தாக்கி, அவர்களிடமே திரும்ப அளிக்கும் சிகிச்சைமுறையை இரு உளவியலாளர்கள் 1983இல் புனைபெயரில் வெளியிட்டிருந்தனர். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூல் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தது: முதலில் பாதுகாப்பு, பின்பு நினைவுகூர்தலும் இழப்புக்கு அழுதலும், இறுதியில் மனிதர்களோடு மீண்டும் இணைதல். முதல் கட்டம் அமையாமல் இரண்டாவதற்குத் தள்ளினால் காயம் ஆறாது, கீறப்படும். வீடு, உணவு, மருத்துவம், துணை ஆகியவற்றைத் தந்த பிறகு தூரிகை தந்த பகிர்வின் இல்லம் இந்த வரிசைக்கு இயல்பாகவே பொருந்திவந்தது.

தைவானில் தைப்பே மகளிர் மீட்பு அறக்கட்டளை 1996 முதல் பல ஆண்டுகள் தொடர் பட்டறைகள் நடத்தியது. முதியவர்கள் சிறு குழுவாக வெளியூர் சென்று தங்கி, நாடகம், ஓவியம், உடலசைவு வழியாகத் தம் வாழ்வைப் பகிர்ந்தனர். மணக்கோலம் காணாத பாட்டிமாருக்குத் திருமண உடை அணிவித்துப் புகைப்படம் எடுத்தனர். நிலையத்தில் கழிந்த மாதங்களுக்கு அப்பால் அவர்களுக்கு ஒரு முழு வாழ்க்கையும் அதன் ஆசைகளும் இருந்தன என்பதை அந்தப் பட்டறைகள் மையத்துக்குக் கொண்டுவந்தன.

ஆற்றாத பேச்சு

பேசிய எல்லோருக்கும் எல்லா நேரமும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. செய்தியாளர்கள் ஒரே வதைக்காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். ஜப்பானிய அரசியல்வாதிகள் சிலர், பெண்கள் பணத்துக்காகச் சென்றவர்கள் என்று மறுத்த ஒவ்வொரு முறையும் பழைய இரவுகள் திரும்பின.

1995இல் ஜப்பான் அமைத்த ஆசிய மகளிர் நிதி, பொதுமக்களின் நன்கொடையிலிருந்து ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் யென் தர முன்வந்தது. சட்டப்பொறுப்பை ஏற்காத பணம் என்று கொரிய இயக்கம் அதை எதிர்த்தது. 1997 ஜனவரியில் ஏழு கொரியப் பெண்கள் அதைப் பெற்றுக்கொண்டபோது சொந்த நாட்டிலேயே கண்டனத்துக்கு ஆளாயினர். மறு ஆண்டு தென்கொரிய அரசு வழங்கிய உதவித்தொகையிலிருந்தும் விலக்கப்பட்டனர். மௌனத்தை உடைத்த இயக்கமே, எந்த முடிவு ஏற்கத்தக்கது என்று வரம்பு வகுத்தபோது, சிலர் மீண்டும் தனித்துப்போனார்கள்.

பெண்கள் கேட்டது என்ன என்பதை ஐ.நா. ஆவணத்தில் ஏற்றியவர் கொழும்பைச் சேர்ந்த தமிழரான ராதிகா குமாரசுவாமி. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளரான அவர், 1995 ஜூலையில் சியோலிலும் டோக்கியோவிலும் விசாரித்து, பெண்களின் சாட்சியங்களை நேரில் கேட்டார். 1996 ஜனவரி அறிக்கையில் நடந்ததை இராணுவப் பாலியல் அடிமைத்தனம் என்று வரையறுத்தார். சட்டப்பொறுப்பை ஏற்றல், இழப்பீடு, ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் மன்னிப்பு, பாடநூல்களில் உண்மை, குற்றவாளிகளைக் கண்டறிந்து தண்டித்தல் ஆகியவை அவருடைய பரிந்துரைகள்.

டோக்கியோ, 2000

அரசுகள் நடத்தாத விசாரணையை மகளிர் அமைப்புகளே நடத்தின. ஜப்பானியப் பத்திரிகையாளர் மட்சுயி யயோரி முன்னின்று ஒழுங்கு செய்த மகளிர் பன்னாட்டுப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 2000 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் கூடியது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டு நீதிமன்றத் தலைவராக இருந்த கேப்ரியேல் கிர்க் மெக்டொனால்டு தலைமை வகித்தார். 64 பெண்கள் வந்திருந்தனர். எல்லோரையும் கூண்டில் ஏற்றாமல், பலருடைய கூற்றுகள் காணொளியாகவும் எழுத்தாகவும் ஏற்கப்பட்டன. அப்படியிருந்தும் சீனாவின் வான் ஐஹுவா பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். ஜப்பானிய முன்னாள் படைவீரர் இருவரும் தாம் செய்ததை ஒப்புக்கொண்டனர். தம் கூற்றைக் குற்றம் செய்தவர்களின் வாயாலேயே உறுதிப்படுத்தக் கேட்டது அங்கிருந்த பெண்களுக்குப் புதிது.

டிசம்பர் 12 அன்று முதற்கட்டத் தீர்ப்பு பேரரசர் ஹிரோஹித்தோவையும் ஜப்பானிய அரசையும் பொறுப்பாளிகளாக அறிவித்தபோது, அரங்கில் இருந்த பாட்டிமார் எழுந்து ஆரவாரித்தனர். 2001 டிசம்பர் 4 அன்று ஹேக் நகரில் முழுத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சட்ட வலிமை அதற்கு இல்லை. ஆயினும் உங்கள் சொல்லை நம்புகிறோம் என்று ஒரு நீதிபதிகள் குழு முறைப்படி சொன்னது. கிம் ஹக் சுன் அதைக் கேட்க இல்லை. அவர் 1997 டிசம்பரிலேயே காலமாகியிருந்தார். டோக்கியோ நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

கேள்வியிலிருந்து செவிக்கு

தீர்ப்பாயத்துக்காகத் திரட்டிய சாட்சியங்களிலிருந்து கொரிய ஆய்வாளர்கள் 2001இல் நான்காம் தொகுதியை வெளியிட்டனர். யாங் ஹியுன் ஆ வழிநடத்திய அக்குழு முதல் தொகுதியின் முறையைக் கைவிட்டது. ஒவ்வொரு பெண்ணையும் பலமுறை சந்தித்தது. கேள்வி வரிசையை ஓரம்வைத்து, அவர் எங்கே தொடங்குகிறாரோ அங்கேயே தொடங்கியது. வட்டார வழக்கும், திரும்பத் திரும்ப வரும் சொல்லும், பாதியில் நிற்கும் வாக்கியமும் அச்சிலும் அப்படியே நின்றன. ஒருவர் நிலையத்தைப் பற்றிச் சிறிதும், பின்னால் வந்த வறுமையையும் வளர்த்த பிள்ளையையும் பற்றிப் பெரிதும் பேசினால், நூலும் அவ்வாறே அமைந்தது. ஆண்டுகள் குழம்பியிருப்பது ஒரு குறையாகக் கருதப்படாமல், காயம் நினைவைப் பாதித்த விதமாகப் பதிவானது.

1991க்கும் 2001க்கும் இடையே பெண்கள் சொன்ன நிகழ்வுகள் மாறவில்லை. கேட்கும் முறையே மாறியது. குடும்பத்தில் வசையாகவும், அலுவலகத்தில் விண்ணப்பமாகவும் இருந்தவரை கதை அவர்களை மேலும் நோகச் செய்தது. நம்பிக் கேட்ட தோழியரிடமும், தெருவிலும், ஓவியத் தாளிலும், தீர்ப்பாயத்திலும் அது பகிரப்பட்டபோது அவமானம் இடம் மாறி உரியவர்களிடம் சென்றது. தூக்கமும் உடல்நலமும் எல்லோருக்கும் மீளவில்லை; மன்னிப்பும் இழப்பீடும் அவர்கள் கேட்ட வடிவில் வரவில்லை. ஆனால் தம் வாழ்வின் கதையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை, பத்தாண்டுப் பேச்சின் வழியாக அவர்கள் கைக்கு வந்திருந்தது.

(தொடரும்)